மழை பெய்தால் சார்ஜ் ஏறுகிறது, வெயிலடித்தால் ஏறவில்லை

கேள்வி: எனக்கு வயது 54. கும்பகோணத்தில் குடியிருக்கிறேன், பள்ளி ஆசிரியை. இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கினேன், 24 யூனிட் பேட்டரி. பள்ளிக்குப் போக 22 கிலோமீட்டர், வர 22. விற்கும்போது 315 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள், எனக்கு 200 தான் கிடைக்கிறது. வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போடுகிறேன். பல நாள் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. மழை பெய்த ராத்திரி மட்டும் ஒழுங்காக ஏறுகிறது. கம்பெனி ஆள் வீட்டில் கோளாறு என்கிறார், எலெக்ட்ரீஷியன் காரில் கோளாறு என்கிறார். "பிளக்குக்குள்ள ஒரு துண்டு வயர் போட்டா சரியாகிடும்" என்றும் சொல்கிறார். கரண்ட் பில் 1,100 ரூபாய் வந்த இடத்தில் 3,900 வந்திருக்கிறது. 100 சதவீதம் ஏற்றினால் பேட்டரி கெட்டுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பேத்தியைப் பார்க்கச் சென்னை மேடவாக்கத்துக்கு இந்தக் காரில் போகலாமா? மாமியார் ஏறினாலே தலைசுற்றுகிறது என்கிறார். கணவர் தினமும் "பெட்ரோல் வண்டியே வாங்கியிருக்கலாம்" என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: வணக்கம் டீச்சர். ஏழெட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு வரி போதும். "மழை பெய்த ராத்திரி மட்டும் ஒழுங்காக ஏறுகிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. இரண்டு பேர் மாறி மாறி வந்து பார்த்தும் பிடிபடாததை நீங்களே பிடித்துவிட்டீர்கள். உங்கள் வீட்டு எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற குழி, காய்ந்துகிடக்கிறது. அநேகமாக அவ்வளவுதான்.

நான் திருச்சியில் இருபது வருஷத்துக்கு மேலாக வண்டி எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன். டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஆரம்பித்தது. நாலைந்து வருஷமாக மின்சாரக் கார்களும் பட்டறைக்கு வருகின்றன. புதிதாக வாங்கியவர்கள் கொண்டுவரும் புகாரில் பெரும்பாலானவை காரில் இருக்காது, போர்டிகோ சுவரில் இருக்கும். பெட்ரோல் வண்டி வைத்திருந்தால் பங்க்கில் பம்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நமக்குக் கவலை கிடையாது. இதில் பங்க்கே நம் வீடுதான். பிளக், வயர், எர்த் எல்லாம் உங்கள் காரின் பாகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்துக்குக் கார் வாங்குகிறவர் அதைச் சொருகும் பிளக்குக்கு நூறு ரூபாய்க்கு மேல் செலவு செய்ய மாட்டேன் என்கிறார். தினமும் பார்க்கிறேன்.

சிவப்பு விளக்குக்கு வருவோம். கேபிள் நடுவே தொங்குகிற பெட்டி இருக்கிறதே, அது கரண்டை அனுப்புவதற்கு முன்னால் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். இல்லையென்றால் அனுப்பாது. உங்கள் ஃபிரிட்ஜும் மிக்ஸியும் எர்த் இருக்கிறதா என்று கேட்பதில்லை, அதனால் முப்பது வருஷமாக எர்த் செத்துப்போயிருந்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. கார் மட்டும் ஏன் இவ்வளவு கறார்? அது நாலு ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கிறது. உள்ளே எங்காவது கசிவு வந்து பாடியில் கரண்ட் ஏறிவிட்டால், தரைக்கு இறங்க வேறு வழி கிடையாது. கதவைத் தொடுகிற உங்கள் கை வழியாகத்தான் இறங்கும். ஆகவே அந்தச் சிவப்பு விளக்கைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

போன சித்திரையில் திருவெறும்பூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இதே கதை. விற்ற கம்பெனி இரண்டு முறை சார்ஜர் பெட்டியையே மாற்றிக்கொடுத்திருந்தது. நான் மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப்போகிற வயர்) எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன், 38 வோல்ட் காட்டியது. அது 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் குழி எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. அவருடைய அம்மாதான் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு உடைந்த சிமெண்ட் மூடி, அதற்குக் கீழே துருப்பிடித்த குழாய், சுற்றிலும் விரிசல் விட்ட மண். இரண்டு வாளித் தண்ணீர் கேட்டு மெதுவாக ஊற்றினேன். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் 6 வோல்ட். சார்ஜரைச் சொருகினோம், பச்சை விளக்கு வந்தது. அந்த அம்மா "இவ்வளவுதானா தம்பி" என்றார்.

நீங்களும் இன்று சாயங்காலம் இதைச் செய்து பார்க்கலாம். குழியைக் கண்டுபிடித்து இரண்டு மூன்று வாளி ஊற்றிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சார்ஜ் போடுங்கள். ஏறினால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் இது வைத்தியம் இல்லை, சோதனைதான். நாலு நாளில் மறுபடி காயும்.

நிரந்தரமாகச் சரிசெய்யக் காருக்கென்று தனியாக ஒரு எர்த் குழி போடச் சொல்லுங்கள். எட்டு, பத்து அடி ஆழம், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் அல்லது செம்பு பூசிய ராடு, சுற்றிலும் கரியும் உப்பும். உப்பு வேண்டாம், குழாயை அரிக்கும் என்றால் அதற்கென்று பவுடர் கிடைக்கிறது, அதைப் போடலாம். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், காவிரிப் படுகை மண். ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாறை மேல் வீடு கட்டியவர்கள் படுகிற பாடு உங்களுக்கு இல்லை. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், மின்தடை 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் ஏசி இருந்தால் அதன் தண்ணீர்க் குழாயை இந்தக் குழிக்குத் திருப்பிவிடுங்கள். கோடையில் ஏசி அதிகம் ஓடும், குழிக்குத் தண்ணீர் தேவைப்படுவதும் அப்போதுதான். இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தத் துண்டு வயர். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஒரு சின்ன வயர் முறுக்கிவிட்டால் சார்ஜர் ஏமாந்துபோகும். பச்சை விளக்கு வரும், காரும் ஏறும். என்றாவது ஒரு நாள் காற்றிலோ மழையிலோ வீட்டுக்கு வரும் நியூட்ரல் வயர் அறுந்தால், அந்த நிமிஷத்திலிருந்து கார் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். உங்கள் மாமியார் கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. அந்த எலெக்ட்ரீஷியன் கெட்டவர் என்று சொல்லவில்லை. வாட்டர் ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் பல பேர் இப்படிச் செய்து பழகிவிட்டார்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

அவரை வைத்தே இன்னொரு வேலையும் வாங்குங்கள். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும், கீசர் கால்மணி நேரம் ஓடும். கார் 12, 13 ஆம்பியர் வீதம் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய வீட்டில் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில், நாலு ஜாயிண்ட் தாண்டி வருகிற பிளக் இதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து ஜாயிண்ட் இல்லாமல் 4 ஸ்கொயர் செம்பு வயர் தனியாக இழுத்து, கரண்ட் மிஞ்சினால் அணைக்கிற தனி எம்சிபியும், கசிவு வந்தால் அணைக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்து, வெளியே இரும்புப் பெட்டியோடு வருகிற 16 ஆம்பியர் சாக்கெட் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மீட்டர் தேவையில்லை. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை எடுக்கிற அளவுக்குச் சுட்டால் உள்ளே எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது, உடனே அணையுங்கள். பிளாஸ்டிக் உருகி, பிளக்கும் சாக்கெட்டும் ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் என்னிடம் வந்த கேஸ்கள் உண்டு.

ஏழு மணிக்கெல்லாம் உங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும் என்றால், சார்ஜை ராத்திரி பத்து, பதினொன்றுக்குத் தொடங்குகிற மாதிரி நேரம் குறித்துவையுங்கள். பெரும்பாலான கார்களில், இல்லை அதன் செல்போன் செயலியில், அந்த வசதி இருக்கிறது. தினம் 44 கிலோமீட்டர்தானே, இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பெரிய 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அதற்கு மின்வாரியத்தில் லோடு கூட்டி, பல வீடுகளில் மூன்று ஃபேஸே வாங்க வேண்டியிருக்கும். உங்கள் ஓட்டத்துக்கு அது வீண்.

சரி, 315க்கு வருவோம். பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. அது ஒரு சோதனைக்கூடத்தில் உருளை மேல் காரை நிறுத்தி, இந்தியாவுக்கென்று வகுத்த ஓட்டமுறையில் ஓட்டி எடுத்த எண். அந்த ஓட்டமுறையில் அதிகபட்ச வேகமே 90தான், பெரும்பகுதி மெதுவான ஓட்டம். ஏசி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, மகாமகக் குளத்தைச் சுற்றி நிற்கிற நெரிசல் கிடையாது. எல்லாக் காரையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடத்தான் அந்த எண். வீட்டில் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று தெரிந்துகொள்ள அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். உங்கள் 24 யூனிட் பேட்டரியில் ஏசி போட்டு 200, 210 வருகிறதென்றால் நீங்கள் நன்றாகவே ஓட்டுகிறீர்கள். யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறதே! ஆக, ஏமாறவில்லை டீச்சர். ஷோரூமில் 200 என்று சொல்லியிருந்தால் நீங்கள் வாங்கியிருப்பீர்கள்தான், சொல்ல அவர்களுக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. திரையில் "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று காட்டுகிறதே, அதைப் பார்த்துப் படபடக்காதீர்கள். நேற்றும் முந்தாநாளும் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து அது போடுகிற உத்தேசக் கணக்கு அது. பள்ளிக்கு நிதானமாகப் போய்வந்த மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறினால், பத்து கிலோமீட்டர் போவதற்குள் அந்த எண் இருபது குறையும். சதவீதத்தை மட்டும் பாருங்கள். உங்கள் காரில் ஒரு சதவீதம் என்றால் ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 80ல் போனால் சுமார் 1.8, 100ல் பறந்தால் 1.5. வேகம் இரண்டு மடங்கானால் காற்று பிடித்துத் தள்ளுவது நாலு மடங்காகும். பாடம் நடத்துகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் வைத்தியம்: அந்த எச்சரிக்கை ஒருவகை பேட்டரிக்குப் பொருந்தும், இன்னொரு வகைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இப்போது நம் ஊரில் விற்கிற சின்ன மின்சாரக் கார்கள் பலவற்றில் இரும்பு பாஸ்பேட் வகை, எல்எஃப்பி என்பார்கள், அதுதான் இருக்கிறது. இந்த வகையில் சார்ஜ் பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்கிற எலெக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறும். வாரத்துக்கோ பதினைந்து நாளைக்கோ ஒரு தடவை வீட்டுச் சார்ஜரில் மெதுவாக 100 வரை ஏற்றினால் அந்தக் கணக்கு நேராகும். ஏற்றாமல் விட்டவர்கள்தான் "18 சதவீதம் இருந்தது, திடீரென்று 6க்கு வந்துவிட்டது" என்று ஓடிவருகிறார்கள். உங்கள் காரில் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். எல்எஃப்பியாக இருந்தால் நான் சொன்னபடி. மற்றதாக இருந்தால் தினசரிக்கு 80 போதும், ஊருக்குக் கிளம்புகிற அன்று மட்டும் 100. எந்த வகையானாலும் 10க்குக் கீழே இறக்கிப் பழகாதீர்கள். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. தினமும் அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே ஓட்டுவதற்கு நீங்கள் கார் வாங்கவில்லை.

கரண்ட் பில் கணக்கை உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மாதம் 25 நாள், தினம் 44, இரண்டு மாதத்துக்கு 2,200 கிலோமீட்டர். சுவரிலிருந்து பேட்டரிக்குப் போகிற வழியில் சூடாகி வீணாவதையும் சேர்த்தால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைக்கலாம். அதாவது சுமார் 315 யூனிட். இதற்கு 2,800 ரூபாய் கூடியிருக்கிறது, யூனிட் கிட்டத்தட்ட 9 ரூபாய். ஏன் இவ்வளவு? முன்பு நீங்கள் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தீர்கள், மானியம் அதிகம். கார் வந்ததும் 500ஐத் தாண்டிவிட்டீர்கள். முதல் 100 யூனிட் இலவசம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் 500க்கு மேல் போகிற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல், இன்னும் மேலே போனால் இன்னும் அதிகம். அப்படியும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசுதான் ஆகிறது. லிட்டருக்கு 16 கொடுக்கிற பெட்ரோல் கார் இதே 2,200 கிலோமீட்டருக்குக் குடிக்கிற பெட்ரோல் 137 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 13,700. பில்லில் கூடியது கண்ணுக்குத் தெரிகிறது, பங்க்கில் கொடுக்காமல் மிச்சமான பத்தாயிரத்துச் சொச்சம் தெரியவில்லை. அதனால்தான் பல வீட்டில் இந்தச் சண்டை.

மாடி வெயில் வீணாகத்தான் போகிறதென்றால் சூரிய மின்தகடு பற்றி யோசிக்கலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமாராக 4 யூனிட் தரும். உங்கள் காருக்குத் தினம் ஆறு யூனிட் போதும். பகலில் பள்ளியில் நிற்கிற காரை எப்படிச் சூரிய ஒளியில் ஏற்றுவது என்று கேட்பார்கள். பகலில் வாரியத்துக்குக் கொடுத்ததை ராத்திரி எடுத்துக்கொள்கிற மாதிரி மீட்டர் வைப்பார்கள், கவலை வேண்டாம். அவசரமும் இல்லை. எர்த் குழிதான் முதலில்.

அப்புறம், சென்னை. தாராளமாகப் போகலாம். சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டி சுமார் 125 கிலோமீட்டர். முதல்நாள் ராத்திரி 100 ஆக ஏற்றிக்கொண்டு கிளம்பி, 80ல் போனால் விக்கிரவாண்டியில் 30 சதவீதம் மிச்சமிருக்கும். அங்கே வேகச் சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்குள் 80 ஆகும். 80க்கு மேல் உட்கார்ந்திருக்காதீர்கள். குடம் நிரம்பப்போகிற நேரத்தில் குழாயைச் சிறுத்துவிடுகிறோமே, அது மாதிரி பேட்டரியும் கடைசி இருபதுக்கு ரொம்ப மெதுவாகத்தான் வாங்கும். வாங்கிய 80ல் செங்கல்பட்டு வரை போய், அங்கே இன்னொரு அரைமணி நேரம். பெருங்களத்தூர் நெரிசலுக்குள் ஐம்பதோடு நுழைந்தால் மனசு நிம்மதியாக இருக்கும். வீட்டுக் கரண்டைப் போல் மலிவில்லை இது. வழியில் யூனிட்டுக்கு 18, 20 ரூபாய்க்கு மேல்கூடக் கேட்பார்கள்.

இதில் தடுமாறுகிறவர்கள் சார்ஜர் இல்லாமல் தடுமாறுவதில்லை, வேலை செய்யாத சார்ஜரில் போய் நின்றுதான் தடுமாறுகிறார்கள். கிளம்புவதற்கு முன்பே இரண்டு மூன்று கம்பெனிகளின் செயலிகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பணம் போட்டுவையுங்கள். வழியில் சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்குக் காத்திருப்பது கொடுமை. பிளக்ஷேர் என்று ஒரு செயலி இருக்கிறது, அதில் அந்தந்தச் சார்ஜரில் கடைசியாக ஏற்றியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "இன்று காலை ஏறியது" என்று இருந்தால் நம்பலாம், ஆறு மாதத்துக்கு முன் எழுதியதை நம்ப வேண்டாம். எந்தச் சார்ஜருக்கும் 25 சதவீதத்துக்குக் கீழே போய்ச் சேராதீர்கள். அங்கே ரிப்பேர் என்றாலும், முன்னால் இரண்டு கார் நின்றாலும், அடுத்த இடத்துக்குப் போக அது போதும். முதல் தடவை பகலில் போங்கள். அந்த நெடுஞ்சாலை முழுக்க பித்தளை டபராவைக் காட்டி "கும்பகோணம் டிகிரி காபி" என்று போர்டு வைத்திருப்பார்கள். கும்பகோணத்துக்காரர் நீங்கள் அதைக் குடித்துவிட்டு என்ன சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது, நேரம் மட்டும் நன்றாகப் போகும்.

பேத்தி வீடு அடுக்ககத்தில் இருந்தால், அந்த வீட்டு மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு ஒரு லைன் இழுக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மின் இணைப்பிலிருந்தே காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022லேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. சங்கத்தில் யாராவது முகம் சுளித்தால் அதைக் காட்டலாம். வாட்ச்மேன் ரூம் பிளக்கில் ரகசியமாகச் சொருகுவது மட்டும் வேண்டாம். அந்த ஒயர் யார் போட்டது, எர்த் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது.

மாமியாருக்குத் தலை சுற்றுவது அநேகமாக வயதால் இல்லை, உங்கள் வலது காலால். பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கும், அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பும். நல்ல விஷயம்தான், ஆனால் பெட்ரோல் கார் பழக்கத்தில் காலைச் சட்டென்று எடுத்தால் பின்சீட்டில் இருப்பவர் ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி முன்னும் பின்னும் ஆடுவார். அந்தப் பிடிப்பைக் கூட்டிக் குறைக்க உங்கள் காரில் ஒரு பட்டன் இருக்கும். அவர் ஏறும் நாளில் அதைக் குறைவாக வையுங்கள், காலையும் மெதுவாக எடுங்கள். முன்சீட்டில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது. பேட்டரி 100 இருக்கும்போது இந்தப் பிடிப்பு கிடைக்காது, திருப்பியனுப்பினால் வாங்கிக்கொள்ள உள்ளே இடமில்லை. நிரம்பிய பேட்டரியோடு காலையில் கிளம்பினால் பிரேக் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். கொடைக்கானல் போனால் மட்டும் மேலே 100 ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். 70, 80 போதும், இறங்க இறங்கத் தானாக ஏறும்.

பள்ளி வளாகத்தில் நுழையும்போது ஜாக்கிரதை. வண்டிச் சத்தம் கேட்டு விலகிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். உங்கள் கார் பின்னால் வந்து நிற்பதே தெரியாது.

ஆசிரியர் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். மே மாத விடுமுறையில் காரை ஒரு மாதம் தொடாமல் நிறுத்தினால், பெரிய பேட்டரி அப்படியே இருக்கும், ஆனால் கார் எழுந்திருக்காது. உள்ளே சாதாரணக் காரில் இருக்கிற மாதிரியே 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கிறது. கதவுப் பூட்டு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்ச் எல்லாம் அதில்தான் ஓடும். அது இறங்கிவிட்டால் 24 யூனிட்டும் உள்ளே பூட்டிக்கிடக்கும். பெரியதை 50, 60 சதவீதத்தில் விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பட்டனை அழுத்தி அரைமணி நேரம் அப்படியே வையுங்கள், சின்னதுக்கு அது ஏற்றிக்கொள்ளும். எங்கேயாவது நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், நாலு சக்கரமும் மேலே ஏற்றுகிற லாரியைத்தான் கூப்பிட வேண்டும். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், "பேட்டரிக்குள் தண்ணீர் போகாது, ஐபி 67" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பேட்டரிக்குப் போகாது, சரி. மற்ற கனெக்டருக்கெல்லாம் யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

முதலில் அந்தக் குழியைத் தேடுங்கள். கொல்லைப்புறத்தில் இல்லையென்றால் மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே, வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் பாருங்கள். பழைய வீடுகளில் அதன் மேல் துளசிமாடமோ சிமெண்ட் தளமோ வந்திருக்கும். புதுக் குழி போட்டு அளந்ததும் அந்த ஓம் எண்ணை ஒரு தாளில் தேதியோடு எழுதி, எலெக்ட்ரீஷியனிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சிவப்பு விளக்கு வந்தால் தாளைக் கம்பெனி ஆளிடம் நீட்டுங்கள். வீட்டில் கோளாறு என்று அப்போது அவரால் சொல்ல முடியாது.